தீபாவளி லீவு கடலுக்கு ஆகாது

தெக்கேக், தியோமான் தீவு
ஏப்ரல் மாதம்

அன்புள்ள மச்சான்,

தீவில் கூடாரம் போட்டு டைவிங் கற்க வேண்டும் என்று கூட்டம் போட்டு என்னை முன்னால் அனுப்பி வைத்தீர்கள். பார்த்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. முதலில் உங்களுக்குப் பிடிக்காத செய்தி. தீபாவளி லீவில் தீவுக்குப் போகும் பேச்சை விட்டுவிடுங்கள். டிசம்பரும் ஆகாது. தைப்பூசத்தை ஒட்டி நாலு நாள் தேறும் என்று அண்ணன் கணக்குப் போட்டாரே, அதுவும் ஆகாது.

நமக்கு லீவு சேர்ந்தாற்போல் கிடைக்கும் மாதங்களும் கிழக்குக்கரைக் கடல் மூடிக் கிடக்கும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றுதான். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, சில வருஷம் மார்ச் பாதி வரை, வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கி எடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கம் அடைமழையைக் கொட்டுகிற அதே பருவக்காற்றுதான். படகுகள் குறைந்துவிடும், பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும். பிடிவாதமாக வந்து இறங்கினாலும் கலங்கிய தண்ணீரில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் காலம். மே, ஜூன் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் திரண்டு இங்கே வந்துவிடும். என் தீர்ப்பு: ஜூலையில், விடுமுறை ஒட்டாத ஒரு வாரம். சனி ஞாயிறோடு ஆளுக்கு மூன்று நாள் ஆண்டு விடுப்பு போட்டால் போதும்.

'கடல் நம் வாசலிலேயே இருக்க, எதற்கு மறு கரைக்கு ஓட வேண்டும்' என்று உன் வீட்டுக்காரம்மா கேட்டார்களாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் சாயங்காலம் நம் மலாக்காவின் கிளேபாங் கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டு. தே தாரேக் நிறத்தில் இருக்கும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. இரண்டு பக்கத்து ஆறுகளும் அதில் சேற்றைக் கொட்டுகின்றன, நீரோட்டமும் வேகம். மீனுக்கு அது நல்ல கடல். முகமூடி போட்டுக்கொண்டு பார்க்கிறவனுக்கு இல்லை.

தீவுகளை அலசியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ரெடாங், பெர்ஹெந்தியான் இரண்டும் அழகு, ஆனால் நம் பத்து பெரண்டாமிலிருந்து அவற்றின் ஜெட்டிகளுக்குப் போய்ச் சேரவே ஒரு நாள் போய்விடும். காப்பாஸ், மாராங் கரையிலிருந்து 6 கிலோமீட்டர்தான். கூடாரம் போட நல்ல இடம். தம்பி ஒருவன் சிபாடான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 2000 ஏப்ரல் 23ஆம் தேதி ஆயுதக் கும்பல் ஒன்று 21 பேரைப் பிடித்துக்கொண்டு போனது அந்தத் தீவிலிருந்துதான். பவளப்பாறையைக் காப்பாற்றவென்று 2004 முடிவில் அங்கிருந்த விடுதிகளையும் அகற்றிவிட்டார்கள். இன்றைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று பெர்மிட் கொடுத்துத்தான் இறக்குகிறார்கள். கற்று முடித்தவன் போகவேண்டிய இடம் அது. கற்க வருகிறவனுக்குத் தியோமான்தான் சரி.

வழி உனக்குத் தெரிந்ததே. ஆயர் குரோவில் ஏறி, ஆயர் ஹீத்தாமில் இறங்கி, குளுவாங், கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங். மூன்றரை மணி நேரம், குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கு நிறுத்தாவிட்டால். நிறுத்தாமல் உன்னால் வர முடியாது, அதனால் நாலேகால் என்று வைத்துக்கொள். கஹாங் தாண்டி யானை கடக்கும் என்ற பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. இருட்டில் ஓட்ட வேண்டாம். மெர்சிங்கில் பெரி கிளம்பும் நேரம் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதில்லை. ஆற்று முகத்துவாரம் ஆழமற்றது. நீர் வற்றினால் படகு வெளியேற முடியாது. அதனால் ஓதம் பார்த்து ஒவ்வொரு நாளும் நேரம் மாறுகிறது. ஜூலை தேதி முடிவானதும் அந்த வார அட்டவணையை வாங்கிவிட்டுத்தான் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பேசலாம். ஏறிய பிறகு இரண்டு மணி நேரம்போல ஆகும்.

படகு ஜொகூரிலிருந்து வந்தாலும் தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. 136 சதுர கிலோமீட்டர்; நடுவில் 1,038 மீட்டர் உயரத்துக்குக் குனோங் காஜாங். கரையோரம் கம்பங்கள் (கிராமங்கள்) தனித்தனியாகக் கிடக்கின்றன, சுற்றுச் சாலை கிடையாது. ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும். தெக்கேக்கிலிருந்து கிழக்கே ஜுவாராவுக்கு மட்டும் மலையைத் தாண்டி ஒரு ரோடு. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை கடல் பூங்கா. மீன் பிடிக்கவும் கூடாது, பவளம் ஒரு துண்டு எடுக்கவும் கூடாது. தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல் மாமாவை. 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது இங்கும் ரெடாங்கிலும் சில இடங்களை ஜூலையிலிருந்து அக்டோபர் இறுதிவரை மூடியே வைத்தார்கள். அப்படி நடந்தால் நம் திட்டமும் மாறும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இனி டைவிங் கடையில் நடந்தது. பயிற்றுநர் முகமூடியை என் முகத்தில் ஒட்டி, பட்டையை மாட்டாமல், மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொன்னார். பொருத்தமான முகமூடி கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு மூன்று முகமூடி மாற்றிப் பார்த்தும் மூன்றும் நழுவி விழுந்தன. அவர் சிரித்துக்கொண்டே என் மீசையைத் தொட்டுக் காட்டினார். முகமூடியின் ரப்பர் விளிம்பு மேலுதட்டின் மேல்தான் உட்காருகிறது. அங்கே மயிர் இருந்தால் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும். முழுக்க எடுக்க வேண்டாமாம். மூக்குக்கு அடியில் மேல் ஓரத்தை ஒரு கோடு அளவுக்கு மழித்தால் போதும், மிச்சத்துக்கு சிலிக்கோன் பசை தடவலாம். மாமாவின் மீசையை நினைத்துப் பார்த்தேன். அவர் கரையில் கூடாரக் காவலுக்கு இருக்கட்டும். அக்காமார் தாலியைக் கழற்ற வேண்டியிருக்குமோ என்று கேட்டார்களே, வேண்டாம். உடைக்குள் போட்டு இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

முதுகில் கட்டுகிற டேங்க்கில் இருப்பது நீயும் நானும் இப்போது மூச்சுவிடுகிற இதே காற்று, அழுத்தி அடைத்தது, ஆக்சிஜன் அல்ல. பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில்தான் காற்று நுரையீரலுக்குள் வருகிறது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம் ஆட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மேலே இழுத்த ஒரே மூச்சை அடக்கி இறங்கினார்கள். மூச்சை அடக்குவதுதான் அவர்கள் தொழில். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி கரையில் இருந்தால்தான் இறங்குவோம் என்று அவர்கள் சொல்ல, வெள்ளைக்கார அரசாங்கமும் அந்த ஆளை வைத்துக்கொண்டது. ஸ்கூபாவில் சட்டம் நேர் எதிர்: மூச்சை அடக்கவே கூடாது. முத்துக்குளிப்பவன் மேலே வரும்போது அவன் கொண்டுபோன காற்று பழைய அளவுக்குத்தான் திரும்புகிறது. நாம் கீழே அழுத்தக் காற்றை நிரப்பிக்கொள்கிறோம்; அதை அடக்கிக்கொண்டு ஏறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பயிற்றுநர் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சான்றிதழ்ப் படிப்பு மூன்று நான்கு நாள். முடித்த பெரியவர்கள் 18 மீட்டர் வரை இறங்கலாம். படிப்பில் சேரப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். நேர வரம்பில்லாமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். இங்கேதான் நம் கூட்டத்துக்குச் சிக்கல். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆற்றுப் பக்கம் போனால் அடி. நீச்சல் எங்கே கற்பது? படிப்பு வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் பயிற்றுநர் கூடவே இருந்து 12 மீட்டர் வரை கூட்டிப்போகும் ஒரு நாள் ஏற்பாடும் உண்டு.

நீச்சலைவிடப் பெரிய விஷயம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இருதயம், காது அறுவை, இனிப்பு நீர் என்று வரிசையாகக் கேள்வி. ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு வயதுவந்த இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் கூட்டத்தில் மட்டும் ஒருவருக்கும் இல்லாமல் போகுமா? கூச்சப்பட்டு 'இல்லை' என்று எழுத வேண்டாம். தண்ணீருக்கடியில் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் கோப்பிக்கடை இல்லை. ஆழத்திலிருந்து ஏறியவர் உடம்பில் குமிழி கட்டும் அழுத்த நோய் வந்தால் ஆளை வைத்துச் சிகிச்சை தரும் அழுத்தக் கலத்தைத் தேடினால், லுமுட் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. அது பேராக்கில், மறு கரையில்.

பயமுறுத்த இதை எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் மனசில்லை. 2022 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோல் என்ற சிறு தீவருகே பயிற்சிக்கு இறங்கிய நால்வர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார், இருவர் 9ஆம் தேதி. 14 வயதுப் பையன் பிழைக்கவில்லை. அதனால் கடையை விலை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாம் தண்ணீரில் இருக்கும்வரை படகில் யார் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சுக் குழாயும் விசிலும் தருவார்களா, இறங்கியவர் பெயரையும் ஏறியவர் பெயரையும் எழுதி ஒப்பிடுகிறார்களா: இந்தக் கேள்விகளை நான் கேட்டேன். பதில் சொல்லத் தயங்கிய இடத்துக்கு மறுபடி போகவில்லை.

கடைசி நாள் குனோங் காஜாங் ஏறலாம் என்ற தம்பிகளின் யோசனையைத் தலைகீழாக்க வேண்டும். டைவிங் முடிந்த உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும். உயரம் போனால் குமிழி கட்டும். பல தடவை இறங்கினவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மலையை முதல் நாள் ஏறுங்கள். இன்னொன்று, இது வரியில்லாத் தீவு, பீர் மலிவு. இறங்குவதற்கு முந்தின இரவு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. தண்ணீர் வற்றிய உடம்பில்தான் அழுத்த நோய் சீக்கிரம் வரும்.

கூடாரத்துக்குச் சில சாலேக்காரர்கள் தங்கள் தோப்பில் இடம் தருகிறார்கள், குளிக்கத் தண்ணீரோடு. தென்னைக்குக் கீழே போடாதே. அந்தி சாயும்போது மணல் கொசு கடிக்கும். அரிப்பு ஒரு வாரத்துக்கு நிற்காது, நீளக் கால்சட்டை எடுத்துக்கொள். குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. புளிச்சோற்றை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஜுவாராவில் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. அந்தப் பக்கம் தங்கினால் கடலைப் பார்த்து விளக்கு எரிக்கக் கூடாது. தீபகற்பத்தில் அழுங்காமைக்கு முக்கியமான கரையே நம் மலாக்காதான், பாடாங் கெமுந்திங்கில் பொரிப்பகம் இருக்கிறது. அதைப் பார்க்காதவர்களா நாம் இங்கே வந்து ஆமை தேடுவது என்று எனக்கே தோன்றியது.

கூடாரம் என்றதும் அப்பாயி சொல்வது நினைவுக்கு வந்தது. ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குத் தீவு என்றால் பினாங்குக்குப் பக்கத்துப் புலாவ் ஜெரெஜாக்; அங்கே தடுப்பு முகாமில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பிறகு ரப்பர் மரத்துக்குள் போனவர்கள் கடலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் தீவில் கூடாரம் போடுவதா என்று முகம் சுளித்தால், சிரிக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜூலைக்கு முன்னால் ஒத்திகை ஒன்று வேண்டும். ஒரு சனி இரவு அஞ்சோங் பத்து ஜெட்டியிலிருந்து புலாவ் பெசார் போய்க் கூடாரம் போட்டுப் பாருங்கள். சமாதிகளுக்கு நேர்ந்துகொண்டு பலரும் வரும் தீவு, பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது, சத்தமும் கூடாது. கம்பு வளைகிறதா, யார் குறட்டை விடுகிறார்கள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

லீவு பாரத்தை இந்த வாரமே கொடு. படிவத்தை டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கு. நீச்சல் தெரியாதவர்கள் இன்றைக்கே குளத்தில் பெயர் பதியட்டும். முன்பணம் வந்தவர் பெயரை மட்டும்தான் கடையில் எழுதுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்