பாளையம்பட்டியில் வளரி

மதுரையிலிருந்து தெற்கே பஸ் ஏறியவர்களுக்கு, அரைமணிப் பிரயாணத்துக்குப் பிறகு பூமியின் நிறம் மாறிவருவது நன்றாகத் தெரியும். பசுமை பின்தங்கிவிடுகிறது, கரிசல் மண் எதிர்கொண்டு அழைக்கிறது. பருத்தியும் கம்பும் மல்லியும் மழையை நம்பி நிற்கும் சீமை இது. விதைக்காத இடங்களிலெல்லாம் சீமைக் கருவேல் கொடி நாட்டியிருக்கிறது. அருப்புக்கோட்டையை ஒட்டினாற்போல் இருக்கும் பாளையம்பட்டியில் நாங்கள் இறங்கியபோது, ஆனி மாதத்து வெயில் தன் கடமையைச் சிறிதும் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தது.

‘பாளையம்’ என்ற சொல் ஊர்ப் பெயரிலேயே நிலைத்திருக்கிறது. பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1985-ல் விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்த வட்டாரம் இது. இங்கிருந்து கிழக்கே சென்றால், ரமண மகரிஷி 1879-ல் அவதரித்த திருச்சுழி. மேற்கே பக்கத்தில், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் ஏற்படுத்திய பாண்டித்துரைத் தேவரின் பாலவநத்தம். ஆனால் எங்களை இங்கே இழுத்துவந்தது ஆலயமும் அன்று, தமிழும் அன்று, ஓர் ஆயுதம்!

எங்களுடன் வந்த சிறுவர்கள் இருவர், ஜப்பானிய சினிமா ஒன்றில் நட்சத்திர வடிவமான எஃகுத் தகட்டை வீரர்கள் சுழற்றி எறிவதைக் கண்டு, தாங்களும் அதைக் கற்றே தீருவது என்று பிடிவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ‘ஷுரிக்கன்’ என்று அதற்குப் பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முனை இருப்பதால், எப்படிப் போய் விழுந்தாலும் அது குத்தி நிற்கும். எதிரியைக் கொல்வதைக் காட்டிலும், அவனை ஒரு கணம் தடுமாறச் செய்து வாளை ஓங்கவோ தப்பி ஓடவோ அவகாசம் தேடுவதே அதன் வேலை. பஞ்சாபிலே சீக்கிய நிஹாங்குகள் தலைப்பாகையில் அணியும் சக்கரமும் சுழற்றி எறியும் இனத்தைச் சேர்ந்ததுதான். “நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் இல்லையா?” என்று சிறுவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில், வளரி.

வளரியை வளைதடி என்றும் சொல்வார்கள். பிறைச் சந்திரனைப் போன்ற வளைவு. ஒரு நுனி கனமாகவும் மறு நுனி மெலிந்தும் இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் உண்டு, தந்தத்திலும் உண்டு. மறவர் சீமையிலும் கள்ளர் நாட்டிலும் முயல் வேட்டைக்கும் போருக்கும் இதுவே கைக்கருவியாக இருந்தது.

சிலம்பம் பழக்கும் முதியவர் ஒருவர், அறுவடை முடிந்து தரிசாய்க் கிடந்த கரிசல் காட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றார். கூர் இல்லாத மரவளரிகள் இரண்டை மட்டுமே எடுத்துவந்தார். முதலில் காட்டைச் சுற்றிலும் கண்ணோட்டம் விட்டு, ஆடோ மாடோ ஆளோ இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். எறிபவனுக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது முதற் பாடம். இரண்டாவது பாடம் பிடி: கனத்த நுனியை அல்ல, மெலிந்த நுனியைப் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே சில சுற்றுச் சுற்றி வேகம் ஏறியதும் விட்டுவிட வேண்டியதுதான்.

சொல்வதற்கு எளிது! பெரிய பையன் எறிந்த வளரி பத்தடிக்கு அப்பால் மூக்குக் குப்புற விழுந்தது.

“கையாலே எறியாதே, தம்பி, தோளைத் திருப்பி எறி. கை பின்னாலே தானா வரும்” என்றார் முதியவர்.

“எறிஞ்சா கைக்கே திரும்பி வரும்னு சொல்றாங்களே, தாத்தா?”

“வந்தா குறி தப்பிச்சுன்னு அர்த்தம்!”

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் சாஸ்திரம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ‘பூமராங்’கில் திரும்பிவரும் வகை இலேசானது, அதன் கைகள் பறவைச் சிறகைப்போல் சீவப்பட்டிருக்கும். சுழலும்போது மேலே வரும் கை காற்றை அதிக வேகத்துடன் வெட்டுவதால் பாதை வளைந்து திரும்புகிறது. அங்கேயும் வேட்டைக்கு எறிவது கனமான, திரும்பாத வகையே. கனத்த வளரி அந்த இனம். அதன் சுழற்சி, பம்பரத்தைப்போல் அதைச் சாயாமல் காத்து நெடுந்தூரம் கொண்டுபோகிறது.

சாயங்காலத்துக்குள் சின்னவனுடைய வளரி முப்பதடி தூரத்தில் நட்டிருந்த சோளத்தட்டையை ஒருமுறை சாய்த்தது. அவனுடைய ஆனந்தத்துக்கு எல்லையே இல்லை.

ஆனால் இந்த வித்தையைக் கற்ற மிகப் பிரசித்தமான ஆரம்ப மாணாக்கன் ஒரு வெள்ளைக்காரன் என்பது நேயர்களுக்கு ஆச்சரியமாயிருக்கலாம். கும்பினிப் படையில் உத்தியோகம் பார்த்த ஜேம்ஸ் வெல்ஷ், 1795-ல் இந்தப் பிரதேசத்தில் இருந்தபோது, சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவிடம் சிநேகம் கொண்டான். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்பித்தவர் அவரே என்றும், தேர்ந்தவர் கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும், 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறான். ஆறே ஆண்டுகளில், அதே குருவை எதிர்த்துச் சென்ற படையில் அவனும் இருந்தான். தொடை முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவும் அவர் தமையனாரும் 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மாணாக்கன் புத்தகம் எழுதி வைத்தான். குருவின் வித்தை அந்தப் புத்தகத்தில் ஒரு வாக்கியமாக நின்றது.

அதே ஆண்டு டிசம்பர் மாதம், பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று கும்பினி சர்க்கார் பிரகடனம் செய்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தம் நூலை வெளியிட்டபோது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வளரி எறியத் தேர்ந்தவர் எவருமில்லை என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. போராடிய ஆயுதம் பூஜை அறைக்குள் போய், ஆயுத பூஜையன்று மட்டும் துடைக்கப்பட்டு, மறுபடி உறங்கப் போய்விட்டது.

ஆயுதத்தைப் பறிமுதல் செய்தால் அது எங்கேனும் இருக்கும். பழக்கத்தைப் பறித்தால் திரும்பக் கிடைப்பது அரிது. மரத்தின் வளைவைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம். தோளின் திருப்பத்தை எந்தப் பெட்டியில் வைப்பது? அது ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சீமையில் உறவினர் உள்ள நேயர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. பழைய வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ வளைந்த கட்டை ஒன்று தென்பட்டால், விறகென்று எண்ணி அடுப்பில் வைத்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர் யாரையாவது அழைத்து, அதை எந்த நுனியில் பிடிப்பது என்று கேளுங்கள்.