விரல் அறியும் ஆட்டம்

பிக்கப் வண்டிக்கு டை ராட் எண்ட் மாற்றினால் கூலி உண்டு. கிங் பின் மாற்றினாலும் கூலி உண்டு. பள்ளத்தில் இறங்கி, முன் ஆக்ஸிலுக்கு அடியில் அரைமணி நேரம் கிடந்து, "இந்த இரண்டையும் தொட வேண்டாம், கோளாறு வேறிடத்தில்" என்று சொன்னால் ஒரு பைசா கிடையாது. நாமக்கல் வட்டாரத்தில் என் வயது மெக்கானிக்குகள் இந்த அநியாயத்தைச் சகித்துக்கொண்டேதான் தொழில் செய்து முடித்தோம். பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கும் என்னிடம் ஓர் இளம் ஓனர், "கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டே வந்தாச்சுங்க, இனி ஸ்டியரிங் ஆட்டம் பார்க்க ஆளு எதுக்குங்க?" என்று கேட்டார். அவருக்கான பதில் இது.

மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன என்று நம்பித்தான் அந்த மெஷின் கோணத்தை அளக்கிறது. தேய்ந்த கிங் பின்னோடு வண்டியை அதில் ஏற்றினால் ஓர் அளவு காட்டும். வெளியே போய் ஒரு குழியில் இறங்கி ஏறினால் அந்த அளவு செத்துவிடும். தேய்மானத்தை முதலில் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும். கோணம் அதற்குப் பிறகுதான்.

என் குரு கற்றுத்தந்த முறையில் ஸ்பானருக்கு வேலை இல்லை. வண்டி தரையில் நிற்கும். டயரில் பாரம் இருக்கும். பையன் ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே இருப்பான். நான் கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துக்கொண்டு போவேன்: காலம் ஜாயிண்ட், ஸ்டியரிங் பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடம் எதுவோ அங்கேதான் ஆட்டம். பாக்ஸே சேஸிஸின் மேல் நகர்கிறதா என்பதையும் விரல்தான் சொல்லும். சேஸிஸில் போல்ட் ஓட்டை விரிந்திருந்தால் புது பாக்ஸ் போட்டும் பயன் இல்லை. பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுவேன். ஆடினால் பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இவ்வளவு எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் இரண்டையும் மாற்றிவிட்டு பில் போடுகிறார்கள்.

ஆட்டத்தை விரல் காட்டிவிடும். உதறல் அப்படி இல்லை, அதற்கு டிரைவரிடம் கேட்க வேண்டும். எந்த வேகத்தில்? பிரேக் பிடித்தால் மட்டுமா? குழியில் விழுந்த பிறகா? 80 கி.மீ. வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை சுற்றுகிறது. பேலன்ஸ் தப்பிய டயர் அத்தனை முறையும் ஆக்ஸிலைத் தூக்கி அடிக்கும். ஒரு பக்கம் தூக்கினால் ஆக்ஸில் சாயும்; சுற்றும் சக்கரம் அப்படிச் சாய்ந்தால் பக்கவாட்டிலும் திரும்பப் பார்க்கும். அதனால்தான் குதிப்பது உதறலாக மாறி ஸ்டியரிங்குக்கு வருகிறது. 1920களில் பலூன் டயரும் முன் பிரேக்கும் வந்தபோது உலகம் முழுக்க கார்கள் இப்படி உதறின. பிரான்சில் புரூலியே என்ற இன்ஜினியர் 1925இல் இதை ஆராய்ந்து எழுதினார். 1934 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இந்த உதறலும் ஒரு காரணம். நம் குட்டி யானைக்கும் அதைப் போன்ற பல சரக்கு வண்டிகளுக்கும் முன்னால் இன்றும் ஸ்பிரிங் பட்டையும் ஒரே ஆக்ஸிலும்தான். ஆகவே அந்தப் பழைய நோய் நம்மிடம் உயிரோடு இருக்கிறது.

என்னிடம் வந்தவற்றில் மிகப் பிடிவாதமான வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஆத்தூர் சேகோ ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றும் பிக்கப் அது. மேடு பள்ளம் தாண்டினால் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். டயர், டை ராட் எண்ட், கிங் பின் செட், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் வெவ்வேறு பட்டறைகளில் மாற்றியிருந்தார்கள். கடைசியில் உதறலை அமுக்க ஒரு டேம்பரும் மாட்டியிருந்தார்கள். விரல் வைத்துப் பார்த்தேன், எங்கும் ஆட்டம் இல்லை. ஓட்டிப் பார்த்தேன், உதறலும் இல்லை.

டிரைவர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "லோடு ஏத்துனாத்தான் உதறுதுங்க மேஸ்திரி. காலி வண்டியில தெரியாதுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பட்டறையும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. பட்டறைக்கு வண்டி காலியாக வரும், காலியாகவே ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். பின்னால் கிழங்கு மூட்டை ஏறினால் பின்பட்டை அமுங்கும், முகப்பு மேலே நிமிரும். அப்போது கிங் பின்னின் மேல்முனை இன்னும் பின்னால் சாயும். காஸ்டர் கூடுகிறது என்று அர்த்தம். அது அளவு மீறினால் சக்கரம் தானாகவே உதறத் தொடங்கும். ஆனால் எல்லா பிக்கப்பும்தான் பாரம் ஏற்றுகிறது. இது மட்டும் ஏன் உதற வேண்டும்?

ஆக்ஸிலுக்கும் முன்பட்டைக்கும் நடுவே சில வண்டிகளில் ஒரு சாய்வு ஆப்பு இருக்கும். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. சென்டர் போல்ட் உடைந்து பட்டைக் கடையில் பிரித்துக் கட்டியபோது இந்த வண்டியில் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள். முன்னால் இருக்க வேண்டிய தடிப்பு பின்னால் போயிருந்தது. காலியாக ஓடும்போது தாங்கியது, கிழங்கு ஏறியதும் எல்லை தாண்டியது. யூ போல்ட்டைக் கழற்றி ஆப்பைத் திருப்பி வைத்துக் கட்டினேன். டேம்பரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். லோடு ஏற்றி ஆத்தூர் ரோட்டில் நானே கூடப் போனேன். உதறல் இல்லை. ஒரு சாமான்கூட மாற்றவில்லை. ஓனர் யூ போல்ட் கழற்றி மாட்டிய கூலியை மட்டும் எடுத்து நீட்டினார்.

இப்போது நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஸ்டியரிங் பாக்ஸின் திருகை ஆட்டம் போகும்வரை முறுக்கிவிட்டு "சரியாயிடுச்சுங்க" என்று சாவியைக் கொடுக்கிறார்கள். நேராக ஓடும் இடத்தில்தான் பற்கள் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்குத் திருகினால் வளைவில் பிடித்துக்கொள்ளும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த பாக்ஸோடு ஏறுகிறவன் கதி என்ன? கிங் பின் புஷ்ஷை அடித்து ஏற்றியபின் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும். இன்று எமரித் தாளால் தேய்த்துப் பின்னை நுழைத்துவிடுகிறார்கள். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தாலும் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி அந்த ரப்பர் மூடி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதே விதி ஸ்டியரிங்கில் 30 டிகிரி வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. 40 செ.மீ. அகல ஸ்டியரிங்கின் விளிம்பில் அது 10 செ.மீ.க்கும் மேல். சேலம் பைபாஸில் 80இல் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு 30 டிகிரி என்பது மிக அதிகம். என் பட்டறையிலிருந்து அதில் பாதி ஆட்டத்தோடுகூட ஒரு வண்டியையும் நான் வெளியே விட்டதில்லை.

பட்டறைப் பையன்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சாமான் மாற்றினால்தான் காசு என்றால் அவர்கள் சாமானைத்தான் மாற்றுவார்கள். சோதனைக்குத் தனிக் கூலி என்று ஓனர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கோளாறு இல்லை என்று கண்டு சொன்னாலும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். உதறுகிற வண்டியை, அது உதறும் லோடோடு பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டும் நடக்காதவரை, எத்தனை மெஷின் வந்தாலும் நல்ல சாமானைக் கழற்றி எறிந்துகொண்டேதான் இருப்போம்.