தேதியா... இடமா?

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்றால் வேலை இல்லாதவன் என்று அர்த்தம். அதனால்தான் மற்ற நண்பர்களுக்குப் பத்து நாள் முன்னாடியே என்னால் லங்காவிக்குப் போக முடிந்தது. போனவனை விருந்தாளியாக நடத்தாமல் 'அசிஸ்டென்ட்' ஆக்கிவிட்டான் நண்பன்.

பி.காமில் பக்கத்து பெஞ்ச்காரன் அவன். கோலாலம்பூரில் நல்ல வேலை. திடீரென்று அதை விட்டுவிட்டு, சேமிப்பை வழித்தெடுத்து, 38 அடி நீளத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். இனி அவன் 'கேப்டன்'.

நாலு வருஷமாகக் கூப்பிட்டும் யாரும் போகவில்லை. மார்ச் கணக்கு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியில் ஆடிட்டரும் பேங்க்காரனும் ஒரு வழியாகக் கிளம்பினார்கள். போனிலேயே கேப்டன் சொல்லிவிட்டான்: "தேதியைச் சொல்லு, இல்ல இடத்தைச் சொல்லு. ரெண்டையும் சொல்லாதே. காத்துக்கு உங்க லீவு லெட்டர் படிக்கத் தெரியாது!"

ஆடிட்டர் இரண்டையும் சொன்னான். போதாதற்கு ரிட்டர்ன் டிக்கெட் நம்பரையும் சொன்னான்.

லங்காவி மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது. 99 தீவுகள். கடல் வற்றும் நேரத்தில் 104 என்கிறார்கள். கெடாதான் நம்ம பழைய கடாரம். 1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் கப்பலாக ஆள் கொண்டுவந்து ஜெயித்த இடம். ஆயிரம் வருஷம் கழித்து நாங்கள் மூன்று தமிழர்கள் வந்து, டிங்கியிலிருந்து படகுக்கு ஏறத் தெரியாமல் முழித்தோம்.

பெட்டி விஷயத்திலேயே தகராறு. படகில் மடித்துச் செருகுகிற துணிப்பை மட்டும்தான் வைக்க முடியும். பேங்க்காரன் சக்கரம் வைத்த சூட்கேஸோடு வந்திருந்தான். அது அவன் படுக்கையில் படுத்துக்கொண்டது. அவன் மேல்தளத்தில் படுத்தான்.

அடுத்தது தண்ணீர். டாங்கில் 350 லிட்டர். நாலு பேர், ஒரு வாரம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய பரம்பரையாயிற்றே, சொல்லித்தரவே வேண்டாம் என்று நினைத்தேன். முதல் நாளே பேங்க்காரன் ஷவரைத் திறந்துவிட்டு முழுப் பாட்டு ஒன்று பாடி முடித்தான். மறுநாளிலிருந்து பாத்திரம் கழுவுவது கடல் தண்ணீரில். குளிப்பதும் கடலில், கடைசியில் மட்டும் தலைக்கு மேல் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

கழிப்பறை பற்றி அதிகம் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். கையால் பம்ப் அடிக்க வேண்டும். வாய் வழியாக உள்ளே போகாத எதுவும் அதற்குள் போகக்கூடாது. இந்தச் சட்டத்தை யாரோ மீறினார்கள். பம்பைக் கழற்றியது அசிஸ்டென்ட். போதுமா?

இவ்வளவுக்கும் நடுவில், ராத்திரிகள்! தாயாங் புந்திங் தீவில் கடலை ஒட்டியே ஒரு நல்ல தண்ணீர் ஏரி. பகலில் அதில் விழுந்து கிடந்தோம் (குரங்குகள் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டன). அந்தத் தீவை ஒட்டிய ஒரு குறுகலான கடல் சந்தில் சாயங்காலம் நங்கூரம் போட்டோம். ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மதில். உச்சியில் செம்பருந்துகள். அக்கம்பக்கத்தில் ஒரு விளக்கு கிடையாது. போனில் சிக்னல் இல்லை. பேங்க்காரன் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லையாம். 10 மீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டர் சங்கிலி விட்டான் கேப்டன். சங்கிலி தரையில் படுத்துக் கிடந்து பக்கவாட்டில் இழுத்தால்தான் கொக்கி மண்ணில் புதையும். "கேக்கற கடனுக்கு அஞ்சு மடங்கு செக்யூரிட்டியா? எங்க மேனேஜர் மாதிரியே இருக்கே!" என்றான் பேங்க்காரன்.

வெள்ளிக்கிழமை மதியமே, "இப்பவே கிளம்பிக் குவா டவுனுக்குப் போயிடலாம். நாளைக்குக் காலைல ப்ளைட்" என்றான் கேப்டன். "இன்னும் ஒரே ஒரு ராத்திரிடா..." என்று இழுத்ததும் அதே ஆடிட்டர்தான். கேப்டன் மேகத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். நாலு வருஷம் காத்திருந்தவன். "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டான்.

ஒன்பதரைக்கு விமானம். காலை ஐந்துக்கே கிளம்பியாக வேண்டும். அங்கே ஏப்ரலில் விடிய ஏழு ஆகிறது. நாலரைக்கு எழுந்த கேப்டன் மேற்கே மின்னலைப் பார்த்துவிட்டு, "கிளம்ப முடியாது" என்றான். இருட்டில் மீனவர் வலைகள் தெரியாது. தவிர 'சுமத்ரா' வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா ஜலசந்திப் பக்கம் விடிவதற்கு முன் அடிக்கிற புயல்காற்றுக்கு அதுதான் பெயர்.

ஆடிட்டர் வெடித்தான். "திங்கட்கிழமை கிளையன்ட் மீட்டிங்டா! நீ வேலையை விட்டவன்... உனக்கென்ன தெரியும்?"

படகில் வேறெங்கும் போய் உட்கார இடமில்லை. கேப்டன் பதிலே சொல்லாமல் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டான். அந்த டீயைக் குடிக்கக் கிடைக்கவில்லை.

காற்று மதில்களுக்கு நடுவே லாரி மாதிரி வந்தது. படகு திரும்பி நின்று திமிறியது. சங்கிலிக்குப் பாரம் குறைய எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டினான் கேப்டன். நான் முனையில் டார்ச்சோடு. பேங்க்காரன் சூட்கேஸைக் கட்டிப் பிடித்தபடி. ஆடிட்டர் கையில் ஜி.பி.எஸ்ஸைத் திணித்து, "நங்கூரத்துக்கும் நமக்கும் எத்தனை மீட்டர்னு சொல்லிட்டே இரு. 55-ஐத் தாண்டினா கத்து. பாறை பக்கத்துல இருக்கு" என்றான்.

"46... 48... 51..." ஆடிட்டர் கணக்கு வாசித்தான். "53... 53... 52..." ஐம்பது நிமிஷம், மழையில், ஒரு எண்கூட விடாமல். ஒருமுறை 54 என்றபோது அவன் குரல் உடைந்தது. மறுபடி 50 வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

விடிந்தபோது கடல் எதுவும் தெரியாத மாதிரி கிடந்தது. விமானம் போய்விட்டது. புது டிக்கெட்டில் பாதியைத் தான் தருவதாக கேப்டன் ஆரம்பித்தான். "நேத்தே நான் 'நோ' சொல்லியிருக்கணும். உங்களைப் பார்த்ததும் வாய் வரலை."

ஆடிட்டர் பணம் வாங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, எங்கள் செட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆறிப்போன டீயைச் சுட வைத்து நாலு டம்ளரில் ஊற்றியது மட்டும் அவன்தான்.

போன வாரம் எனக்குப் போன் செய்தான். அடுத்த தடவை தாய்லாந்துப் பக்கம் தருத்தாவ் தீவுக்குப் போகலாமா என்று கேப்டனைக் கேட்கச் சொன்னான்.

"தேதி?" என்றேன்.

"அதை அவனையே சொல்லச் சொல்லு."