யமுனைக் கரையில் முள்ளங்கி விதைப்பவர்கள்

தில்லி மெட்ரோவின் நீலத் தடத்தில் இந்திரபிரஸ்தத்தைத் தாண்டி யமுனையைக் கடக்கும்போது, கதவோரம் நிற்பவர்களுக்கு ஒரு கிராமம் தெரியும். கீரைப் பாத்திகள், காலிஃபிளவர் வரிசைகள், புல் வேய்ந்த குடிசைகள், எருமைகள். சில விநாடிகளில் மறைந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியும் வருகிறது.

காதர் என்று தில்லிக்காரர்கள் அழைக்கும் வெள்ளச் சமவெளி இது. வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டல்தான் இதன் வளம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய தில்லி மேம்பாட்டு டிரஸ்ட் இந்த நிலங்களை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. 1957இல் பிறந்த தில்லி வளர்ச்சி ஆணையம் டிரஸ்டின் சொத்துகளோடு குத்தகைதாரர்களையும் சேர்த்தே பெற்றது. குத்தகை எப்போதோ முடிந்தது, இருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்பது ஆணையத்தின் வாதம். மூன்று தலைமுறையாக உழுகிறோம் என்பது குடும்பங்களின் பதில்.

சிக்கல் அதோடு முடியவில்லை. சங்கத்தின் ரசீதை வைத்திருப்பவர் ஒருவர். உழுபவர் பெரும்பாலும் வேறொருவர். உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்து, பணம் கொடுத்து உள்குத்தகை எடுத்தவர்கள் இவர்கள். நிலம் பறிபோனால் வழக்குப் போடக்கூட இவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

நகரம் மட்டும் தயங்கவில்லை. அக்ஷர்தாம் கோயில் 2005இல் திறக்கப்பட்டது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக விளையாட்டு கிராமம் எழுந்தது. அது ஆற்றுப் படுகையில் இல்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்திலேயே மெட்ரோ பணிமனை. கான்கிரீட் நிலைத்தது, கீரைதான் குற்றமாயிற்று.

2015 ஜனவரியில், நதி தூய்மையாகும்வரை கரையில் உணவுப் பயிர் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மாசுபட்ட நீரில் விளையும் காய்கறி உடம்புக்குக் கேடு. காரணம் நியாயமானது. ஆனால் வஜீராபாத்துக்குக் கீழே ஆற்றில் கலக்கும் நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை உழவர்கள் விட்டதல்ல. நகரம் அனுப்பியது.

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு உயர்ந்து, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் சாதனையை முறியடித்தது. குடிசைகள் மூழ்க, குடும்பங்கள் மேம்பாலங்களின் அடியிலும் சாலையோரக் கூடாரங்களிலும் தங்கின. பயிர் போனது, நிலம் தங்கள் பெயரில் இல்லாதவர்களுக்கு நிவாரணம் கேட்பதே பெரும்பாடு.

வடிந்த இடங்களில் சிலர் மறுபடி விதைத்தார்கள். அசிதா, பான்சேரா என்று ஆணையத்தின் பூங்காக்கள் கரையில் விரிகின்றன. நதிக்கு இடம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. வெளியேறுபவர்கள் எங்கே போவது என்பதற்குத்தான் எந்தத் திட்ட வரைபடத்திலும் இடமில்லை.

புல்டோசர் எந்த வாரம் வரும் என்று தெரியாதவர்கள் நீண்ட காலப் பயிரை நம்புவதில்லை. முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் சந்தைக்குப் போய்விடும். காதரில் இன்று எதிர்காலம் என்பது அவ்வளவுதான்.