குருதியிற் கண்ட பாடபேதம்

ஒரு நூலின் ஏட்டுச் சுவடிகள் இரண்டு முற்றிலும் ஒத்திருத்தல் அரிது. ஏடெழுதுவோரின் கைப்பிழை ஒரு படியிற் புகுந்து அடுத்த படியிலும் தொடரும். அப்பிழைகளை ஒப்புநோக்கின், எச்சுவடி எதன் வழிவந்தது என்பதை உய்த்துணரலாம். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பாடபேதங்களோடு மல்லாடியதை அறிந்த தமிழுலகிற்கு இது புதிய செய்தியன்று. எச்.ஐ.வி. வைரசின் கூர்ப்பு வரலாற்றை அறிவியலார் கண்டறிந்த முறையும் ஏறத்தாழ இதுவே.

ஏடெழுதுவோருள் இவ்வைரசைப் போற் கவனமற்றவர் இலர். தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதும் அதன் நொதியத்திற்குப் பிழை திருத்தும் ஆற்றல் கிடையாது. மருந்து பெறாத நோயாளியின் உடலிலோ நாள்தோறும் கோடிக்கணக்கான வைரசுகள் தோன்றுகின்றன. விகாரங்கள் ஓரளவு சீரான வேகத்திற் சேர்வதால், அவற்றைக் கொண்டு காலத்தையும் கணிக்க இயலுகிறது.

அத்தகைய கணிப்பிற்கு உதவிய பழஞ்சுவடிகள் இரண்டு. 1959இல், பெல்ஜிய ஆட்சியிலிருந்த கொங்கோவின் லியோபோல்ட்வில் நகரில் ஓர் ஆணிடம் பெறப்பட்ட குருதி ஒன்று. 1960இல் அந்நகரிலேயே ஒரு பெண்ணின் நிணநீர்க்கணுவிலிருந்து எடுக்கப்பட்டு மெழுகிற் பேணப்பட்ட இழையம் மற்றொன்று. இவற்றிலிருந்த வைரசுகள் பற்றிய ஆய்வுகள் முறையே 1998இலும் 2008இலும் வெளிவந்தன. இரண்டும் பெரிதும் வேறுபட்டிருந்தன. ஓரிரு ஆண்டில் விளையக்கூடிய வேறுபாடன்று அது. கமரூனின் தென்கிழக்கே சிம்பன்சிகளிடமிருந்து மனிதரைத் தொற்றிய இவ்வைரசு, 1920ஆம் ஆண்டளவில் இன்று கின்ஷாசா என வழங்கும் அந்நகரிலிருந்து பரவத் தொடங்கியது என 2014இல் வெளிவந்த ஆய்வு கணித்தது.

அந்நகரை அவ்வாறு ஆக்கியது எது? வேலை தேடி வந்த ஆண்கள் திரண்டனர். பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். குடும்பம் பிரிந்த வாழ்வே அங்கு வழமையாயிற்று. 1940களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிரதத்தில் அந்நகரூடே சென்றனர். முறையாகத் தூய்மை செய்யப்படாத மருத்துவ ஊசிகளும் துணைபோயின எனக் கருதுவோர் உளர். புகையிரதப் பாதைகள் தெற்கே கட்டங்காவின் சுரங்கங்களை நோக்கிச் சென்றன. தென்னாபிரிக்கப் பகுதியெங்கும் பரவிய ‘சி’ வகை இன்று உலகத் தொற்றாளருள் ஏறத்தாழ அரைப்பங்கினரிடம் உள்ளது. இந்தியாவிலும் அதுவே மிகுதி. 1960களில் கொங்கோவிற் பணிபுரியச் சென்ற ஹெயிட்டி நாட்டவர் வழியாக ‘பி’ வகை கடல் கடந்தது என்பர். வேரூன்றிய இடத்திலேயே கிளைகள் மிகுதியென்பதற்கு, வகைகள் பலவும் இன்றளவும் செறிந்திருக்கும் கொங்கோப் பகுதியே சான்று.

இவ்வரலாற்றை அறியாத காலத்திற் பழி மட்டும் விரைந்து பரவிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1981இல் நோய் அடையாளங் காணப்பட்டது. 1983இல் ஹெயிட்டி நாட்டவர் என்பதே ஆபத்துக்குரிய ஓர் இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஒரு மக்களின் பிறப்பே குற்றமாயிற்று. அப்பழியைச் சுமந்தோர் வேலையையும் உறைவிடத்தையும் இழக்க நேர்ந்தது. ஆய்வுகூடங்களிலும் நெடுங்காலம் முதலிடம் பெற்றது, செல்வ நாடுகளிற் பரவிய ‘பி’ வகையே. உலகத் தொற்றாளருள் எட்டிலொரு பங்கினரிடமே அது காணப்படுகிறது. இன்றுள்ள மருந்துகள் எல்லா வகைகளையும் பெரிதும் கட்டுப்படுத்துகின்றன என்பது ஆறுதல். எனினும் பயனுறுதி வாய்ந்த தடுப்பூசி இதுவரை கைகூடவில்லை. அதற்குப் பெருந்தடை இவ்வேறுபாடே. பலவகையும் செறிந்த கொங்கோ மக்களை மறந்து அத்தடையைத் தாண்ட நினைப்பது, சிறந்த சுவடிகளைப் புறக்கணித்துப் பதிப்புச் செய்ய முனைவதை ஒக்கும்.

லியோபோல்ட்வில்லின் அவ்விருவரும் தம் உடலிலிருந்த நோயின் பெயரைக்கூட அறிந்திரார்; அப்பெயர் அன்று பிறக்கவேயில்லை. அவர்கள் விட்டுச்சென்ற குருதியும் இழையமுமே, நோய் பரவியது மனிதரின் இழிகுணத்தாலன்று, அவர்கள் நடக்க நேர்ந்த வழிகளாலேயே என்பதை உலகுக்கு உணர்த்தின. ஏட்டிற் பிழை புகுந்தமைக்காகப் பனையோலையைப் பழிப்பார் எவருமிலர். மனிதருக்கு மட்டும் அந்நீதி மறுக்கப்படுவானேன்?