ஒட்டுப்பால்

அப்பாவின் சிவப்பு ஈஸ்வரா காடியை வாங்க வந்த மலாய்க்காரப் பையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: பின்னால் இருக்கிற எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பின்மூடியில் மஞ்சள் ஸ்டிக்கரில் ‘முருகன் துணை’. 1992-இல் புரோட்டான் கார் நிறுவனம் இந்த ரகத்தை இறக்கியபோது ஈஸ்வரா என்று பெயர் வைத்தார்கள். அப்பா மகனைக் கொண்டுபோய்த் தகப்பன் முதுகில் ஏற்றிவிட்டார். சீனர் கடையில் வெட்டிய எழுத்து. மெஷின் கோடு வெட்டித் தரும். வேண்டாத சவ்வை ஊசியால் நிமிண்டி எடுப்பது கைவேலை. கடைப் பையன் குப்பையோடு குப்பையாக ‘ன்’ மேலிருந்த புள்ளியையும் எடுத்துப் போட்டுவிட்டான். தமிழ் தெரியாதவனுக்கு அது தூசிதானே. அப்பா மறுநாளே போய் ஒரு புள்ளி வெட்டி வந்து ஒட்டினார். ஆறு மாதம் தாங்கவில்லை. அவ்வளவு சின்னத் துண்டுக்குப் பிடிப்பு ஏது? அதன் பிறகு எங்கள் காடி ‘முருகன துணை’யாகவே ஓடியது. கிள்ளானில் ஒரு தமிழாசிரியர் சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கிப் பிழை திருத்தினார்.

ஒட்டுவது சுலபம். சோப்புத் தண்ணீர் தெளித்து, எழுத்தை நகர்த்தி இடம் பார்த்து, பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினால் முடிந்தது. எடுப்பதுதான் பாடு. வினைல் வளைவது பிவிசியில் கலந்த மென்மையூட்டியால். வருஷக்கணக்கில் வெயில் குடித்தால் அது வெளியேறி, சவ்வு அப்பளமாக நொறுங்கும். மலிவு ரகத்தை உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்கிறார்கள். இழுபட்டது சுருங்கத்தான் பார்க்கும். வார்த்துச் செய்த விலை கூடிய ரகம் அவ்வளவு சுருங்காது. அப்பா எதை வாங்கியிருப்பார் என்று சொல்லவா வேண்டும்?

ஹேர் டிரையரால் சூடு காட்டி வெடுக்கென்று இழுத்தேன். ‘மு’வில் ஒரு துணுக்குதான் கையோடு வந்தது. அம்மா எழுந்து வந்தார்.

“மேல தூக்கி இழுக்காதடா. படுக்க வெச்சு உரி.”

அம்மா சீஃபீல்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் வீடு நிற்பதும் அந்தத் தோட்டத்து மண்ணில்தான். 1970களில் அங்கேதான் சுபாங் ஜெயா எழும்பியது. பால் வெட்ட மரத்தடிக்குப் போனதும் முதல் வேலை, முந்தைய வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிப்பது. பட்டையில் காயம் படாமல் ஒரே நாடாவாக வர வேண்டும். அதையும் நிறுத்துக் காசு கொடுப்பார்களாம்.

எழுபது தாண்டிய கட்டைவிரல் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. சூடு நான் காட்ட, மூடியோடு மூடியாகச் சாய்த்து அம்மா உரித்தார். ‘துணை’ ஏறக்குறைய முழுசாகவே வந்தது. மிச்சப் பசையில் மண்ணெண்ணெய் தொட்டு ஊறவிட்டு, விரலால் உருட்டி உருட்டி எடுத்தார். மோந்து பார்த்தார். “ஒட்டுப்பால் இதைவிட நாறும்.”

துடைத்துப் பார்த்தால் எழுத்து போகவில்லை. சுற்றிலும் சாயம் வெளுத்து ரோஜா நிறமாகிக் கிடக்க, ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் புதுக் காடியின் சிவப்பு. புள்ளி இருந்த இடம் வெளுத்தே கிடந்தது. பையன் இருநூறு வெள்ளி குறைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து எஸ்.எஸ். 15 எல்ஆர்டி நிலையத்தடியில் அந்தக் காடி நின்றது. எழுத்தின் மேல் சிலாங்கூர் கால்பந்துக் குழு ஸ்டிக்கர். அகலம் போதவில்லை. இந்தப் பக்கம் ‘மு’வும் அந்தப் பக்கம் ‘ணை’யும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.