பீரோவில் பூட்டிய புத்தகம்

"நான் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் கொடுங்கள்" என்று என்னிடம் நேராகக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். 34 ஆண்டுகள் கிளை நூலகராக வேலை பார்த்தேன். அந்தத் தவிப்போடு வருகிறவர்கள் வேறு எதையாவதுதான் கேட்பார்கள். "ஏதாவது நல்ல புக்கா குடுங்க சார்" என்பார்கள். வேலைவாய்ப்புச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே கண்ணை அலமாரிப் பக்கம் ஓடவிடுவார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் நான்கு நாள் தொடர்ந்து வந்து, ஒரே தட்டின் முன்னால் நின்றுவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போனாள். ஐந்தாம் நாள் வரவில்லை. அவள் முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கொண்ட சிறுநூல் ஒன்று எங்கள் நூலகத்தில் உண்டு. திருவண்ணாமலையில் பேசாதிருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும், அவர் எழுதிக் காட்டிய பதில்களும் கொண்ட நூல் அது. நான் அதை மதித்து வாசித்தவன். ஆனால் 19 வயதுப் பிள்ளை கேட்கிற 'நான் யார்' வேறு. என் தெரு ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது, என் பேச்சை வகுப்பில் ஏன் திருத்துகிறார்கள், அப்பாவின் தொழிலைச் சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை, என் உடம்பு ஏன் எனக்கு அந்நியமாக இருக்கிறது என்பதெல்லாம்தான் அந்தக் கேள்வி. உடலும் நானல்ல, மனமும் நானல்ல என்று உரித்துப் பார்க்கிற நூலை அந்த வயதில் கொடுப்பது, பசித்து வந்தவனுக்கு விரத மகிமை சொல்வதைப் போன்றது. சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவு உண்டு. அவற்றில் நல்லவை இருக்கின்றன. ஆனால் நீ யாராக ஆக வேண்டும் என்று அவை சொல்லுமே தவிர, இப்போது யாராக இருக்கிறாய் என்று பார்க்கிற பொறுமை அவற்றுக்கு இல்லை.

இதையெல்லாம் இன்று தெளிவாகச் சொல்கிறேன். வேலையில் இருந்தபோது இந்தத் தெளிவு இல்லை. அதன் விலையை இன்னொருவர் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் அடிக்கடி நடந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடம் விட்டதும் காலனியிலிருந்து ஒரு பையன் தவறாமல் வருவான். ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தைத் தொடும் முன் கையை டவுசரில் துடைத்துக்கொள்வான். அவன் மேல் எனக்குத் தனி அன்பு. லிங்கன், எடிசன், ஏழையாகப் பிறந்து முன்னுக்கு வந்தவர்கள் என்று தேடித் தேடி எடுத்துக் கொடுப்பேன். அவனும் வாங்கிப் படிப்பான்.

அந்த நாட்களில் ஒரு வாசகர் அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகக் கட்டில் பாமாவின் 'கருக்கு' இருந்தது. 1992-இல் வெளிவந்த நூல். ஒரே இரவில் படித்து முடித்தேன். வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீயாகப் போய், அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு மடத்தை விட்டு வெளியே வந்த பெண் எழுதியது. வீட்டிலும் தெருவிலும் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தார். பனைமட்டையின் இரண்டு ஓரமும் அரம் போல அறுக்கும். அதற்குத்தான் கருக்கு என்று பெயர். எனக்கும் அறுத்தது. காலையில் நூலகம் போனதும் அதை வரவுப் பதிவேட்டில் ஏற்றினேன். அலமாரியில் வைக்கவில்லை. என் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஊர் இருக்கிற நிலையில் யாராவது பிரச்சினை செய்வார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்த காரணம் அந்தப் பையன்தான். நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறான், இதைப் படித்தால் மனம் உடைந்துவிடும், கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றுதான் அப்போது நம்பினேன்.

அவன் கல்லூரிக்கு மதுரை போனான். சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில், தாடி வைத்த இளைஞனாக என் மேசை முன்னால் வந்து நின்றான். கையில் 'கருக்கு'. அவன் குரலை உயர்த்தவில்லை.

"லிங்கன் கதையை எனக்கு மூணு தடவ குடுத்தீங்க சார். நம்ம ஊர்லருந்து பஸ்ஸு ஏறுனா ரெண்டு மணி நேரத்துல போயிரலாம், அந்தத் தெருவப் பத்தி எழுதுன புக்கு. இது வந்ததே உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். பீரோவைத் திறந்து காட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்த நூலில் ஒரு காட்சி வரும். மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சணலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் ஊர்ப் பெரிய மனிதரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறான். அந்த இடத்தைப் பற்றித்தான் அவன் பேசினான்.

"எங்க தாத்தா அப்படித்தான் சார் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா குனிஞ்சு நடப்பாரு. நானும் அதப் பாத்து நடிச்சுக் காட்டிச் சிரிச்சிருக்கேன். இதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூங்கவே இல்ல. தாத்தா செத்து அஞ்சு வருசமாச்சு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தாத்தா உயிரோடு இருந்தபோது அந்த நூல் பீரோவுக்குள் இருந்தது. மனம் உடைந்துவிடும் என்று எதிலிருந்து அவனைக் காப்பாற்றினேனோ, அதை அவன் பிறந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு ஒரு பெயர் உண்டு, அதை இன்னொருவரும் பட்டிருக்கிறார், பட்டதை எழுத்தில் வைக்கலாம் என்ற செய்தி மட்டும்தான் அவனுக்குப் போய்ச் சேராமல் இருந்தது. அதை மறைத்தவன் நான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னொரு தவறும் செய்தேன். யார் வந்தாலும் அவர்கள் பிறப்புக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்து நீட்ட ஆரம்பித்தேன். காலனிப் பிள்ளைகளுக்குக் 'கருக்கு'. கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தோப்பில் முகமது மீரான். பள்ளிவாசல் தெருவிலிருந்து பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைக் கொடுத்தேன். மறு வாரம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருந்துச்சு சார். நட்சத்திரத்தப் பத்தி புக் ஏதாவது இருக்கா?" என்றாள். முதல் நாளே அதைத்தான் கேட்க வந்திருக்கிறாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால், அவள் யார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

நூலகப் படிப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது இரண்டாம் விதி. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். 'அவருடைய' என்கிற சொல்லின் கனம் அந்தப் பெண் நட்சத்திரம் கேட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பூட்டி வைத்தபோதும், எடுத்து நீட்டியபோதும் எது அவருடையது என்று நானே தீர்மானித்தேன். பிறந்த வீட்டில் ஒருவருடைய அடையாளம் பாதிதான் இருக்கிறது. மீதி எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாதபோது, நூலகர் எப்படி அறிவார்?

அதற்குப் பிறகு புத்தகம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எழுதியவர் கடைசியில் என்ன கண்டுபிடித்தார் என்பதைவிட, நடுவில் எங்கே தடுக்கி விழுந்தார் என்று பார்ப்பேன்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த்தாத்தாவின் வாழ்க்கை வரலாறு என்று பயந்து பலர் தொடுவதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். 25 வயதில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880 அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பட்டியலிடுகிறார். முதலியார் முகத்தில் அசைவில்லை. அதற்கும் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். இவர் படித்ததில்லை. தன்னை யார் என்று அதுவரை நினைத்திருந்தாரோ அது அந்த அறையிலேயே ஆட்டம் காண்கிறது. பிறகு சமணப் பெரியவர்களைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டு, ஏடு ஏடாக ஒப்பிட்டு, 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கிறார். நாம் அறிந்த உ.வே.சா. அந்தக் கேள்விக்குப் பிறகு உண்டானவர். முதுமையில் எழுதும்போது அந்த நாளின் கூச்சத்தை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் வாழ்க்கையில் எதிலோ தோற்று வந்து நிற்கிற இளைஞர்களுக்கு இந்த நூலைச் சொல்வேன்.

இதே காரணத்துக்காக மால்கம் எக்ஸின் சுயசரிதையையும் மதிக்கிறேன். அடிமை முதலாளிகள் வைத்த குடும்பப் பெயர் வேண்டாம் என்று எக்ஸ் என்ற எழுத்தைச் சூட்டிக்கொண்டவர். அலெக்ஸ் ஹேலியிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, 1964-இல், தான் நம்பிய இயக்கத்தை விட்டு விலகினார்; மெக்கா போய்வந்து பல எண்ணங்களை மாற்றிக்கொண்டார். முன் அத்தியாயங்களைத் திருத்தி எழுதிவிடலாமா என்ற கேள்வி வந்தது. ஹேலி வற்புறுத்த, அப்படியே விட்டுவிட்டார். பழைய நம்பிக்கை அதே சூட்டோடு அந்த நூலில் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. மாறியவன் தன் பழைய முகத்தை அழிக்காமல் விட்டிருப்பது இளம் வயதுக்குப் பெரிய தைரியம் தரும்.

அதே ஹேலி 1976-இல் எழுதிய நூல் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று வந்து நிறைய வாசிக்கப்பட்டது. காம்பியாவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட குண்டா கிண்டே என்ற முன்னோர் வரை தன் வம்சத்தைத் தேடிப்போன கதை. கண்ணீரோடு படித்தேன். ஆனால் இப்போது யாருக்காவது கொடுக்கும்போது இன்னொன்றையும் சொல்லியே கொடுக்கிறேன். அதில் சில பகுதிகள் ஹெரால்ட் கோர்லாண்டர் என்பவரின் நாவலிலிருந்து வந்தவை என்று வழக்காகி, 1978-இல் ஹேலி பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். அந்த வம்சாவளி சரிதானா என்றும் ஆய்வாளர்கள் பிறகு கேள்வி எழுப்பினார்கள். நூலின் வலி பொய்யில்லை. கடலில் கொண்டுபோகப்பட்ட மக்கள் பொய்யில்லை. ஆனாலும் வேரைத் தேடுகிறவன் மனம் ஏங்கி நிற்கும்போது, அது கேட்க விரும்பிய கதையே எதிரில் வந்து நின்றுவிடும். நம் ஊரிலும் ஆண்ட பரம்பரை என்று அச்சடித்து விற்கிற சாதி வரலாறுகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன் நான். அடையாளம் தேடி வருகிற பிள்ளையிடம் முதலில் அகப்படுவது பல நேரம் அதுதான். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரனைக் குறைவாக நினைக்க வைக்கிற நூல் எனக்கு அச்சம் தருகிறது.

ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. இப்போது என் வாசகி ஒருத்திதான், என் பேத்தி. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம். போன பொங்கலுக்கு வந்தபோது, "அங்க என்னத் தமிழ்க்காரின்றாங்க, இங்க வந்தா பெங்களூர்க்காரின்றாங்க. நான் எந்த ஊரு தாத்தா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கண்ணில் சிரிப்பு இல்லை. நான் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஏழெட்டுப் புத்தகங்களை எடுத்துப் பரப்பி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். 'கருக்கு' மேலேயே இருந்தது. திருநங்கையாகத் தன் பெயரைப் பதிவேடுகளில் மாற்றப் போராடிய லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' இருந்தது. வானியல் நூல் ஒன்றும் வைத்திருந்தேன்.

அவள் எடுத்தது 'என் சரித்திரம்'. இருப்பதிலேயே தடிமனாக இருந்ததால் எடுத்தேன் என்றாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரவில் போன் செய்து இரண்டு பக்கம் உரக்கப் படிக்கிறாள். தடுமாறுகிற சொல்லை மட்டும் நான் எடுத்துக் கொடுக்கிறேன். நேற்று, மாணவனாகச் சேர வந்த பையனிடம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேங்கடராமன் என்பது தவிர உமக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்கிற இடம் வந்தது. வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள் என்று பையன் சொல்ல, சாமிநாதன் என்ற பெயரை ஆசிரியர் நிலைக்க வைக்கிறார். அங்கே அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்ப இத்தன நாள் நமக்குத் தெரிஞ்ச பேரு வாத்தியார் எடுத்ததா? எனக்கு யாரு தாத்தா பேரு வச்சாங்க?"

உன் அம்மாவின் பாட்டி என்றேன். அவங்க யாரு என்றாள். தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், உனக்கு வைத்த பெயரை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டு அறுபது வயதில் என்னிடம் சிலேட்டு கேட்டவர் என்று சொல்ல ஆரம்பித்தேன். புத்தகத்துக்குத் திரும்பவே இல்லை. மணி பதினொன்றரை ஆகிவிட்டது.